ஆறு மணி ஸ்டேட்டஸ்

கொட்டச்சேடு மலைக் கிராமத்தில் செல்போன் டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, காபி எஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் பாறை. கொரோனாவுக்கு முன்னால் கவிதா அங்கே ஏறினால், காபிப் பூவையும் புதுச் சேலையையும் ஸ்டேட்டஸ் வைக்கத்தான். முப்பது பேர் பார்த்தால் அதிகம்.

கணவன் மாதேஷைச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து, தினம் அவனிடமே போனில் கேட்டு, ஆறு மணிக்கு அவனுடைய ஆக்சிஜன் அளவைப் போட்டாள். எண்பத்தெட்டு. தொண்ணூறு. எண்பத்தொன்பது. ஏறெடுத்தும் பார்க்காத சொந்தமெல்லாம் இருநூறு பேர் வரிசை கட்டிப் பார்த்தார்கள். அவளுக்கும் அது தெம்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்!

அப்புறம் பிடித்தது பேய்மழை. கரண்டு போய் டவரும் படுத்துவிட்டது. இரண்டு நாள் ஸ்டேட்டஸ் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பாறை ஏறியதும் போன் விடாமல் அதிர்ந்தது.

சொந்தக்காரர் குரூப்பில் கல்யாணச் சட்டையில் மாதேஷ் படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'இன்று மாலை ஐந்து மணிக்கு அடக்கம்'. காலையிலேயே போட்டிருந்தவன் திருப்பூரில் இருக்கும் பங்காளி ஜெயபிரகாஷ்.

ஆஸ்பத்திரியில் தன்னை விட்டுவிட்டு இவனுக்குச் சொல்லியிருப்பார்களோ? மாதேஷின் எண்ணுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அவன் பெயரைத் திறந்தாள். பத்து நிமிடம் முன்பு வாட்ஸப்பில் இருந்ததாகக் காட்டியது. அப்பாடா, இருக்கிறான்! அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. அவனும் அந்தக் குரூப்பில்தானே இருக்கிறான்?

மூன்றாவது முறை எடுத்தான்.

"கவிதா... அஞ்சு மணிக்கு எடுக்கறாங்களாம்."

"என்ன பேச்சுங்க இது! விரல்ல மாட்டியிருக்கறதுல எவ்வளவு காட்டுது, பாத்துச் சொல்லுங்க."

"ஊரே சொல்லுது புள்ள. டாக்டரு எங்கிட்ட எதையோ மறைக்கறாராட்டம் இருக்குது."

"பாருங்கங்கறேன்!"

கையைத் தூக்கிப் பார்க்கிறான் போல, மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது.

"தொண்ணூத்தி மூணு."

"செத்தவீங்களுக்கு அது காட்டுமாங்க?"

கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தானா இருமினானா, தெரியவில்லை. சொந்தத்தில் வேறு யாராவது போனில் பேசினார்களா என்று கேட்டாள். சேர்த்த நாளிலிருந்து ஒருத்தரும் பேசவில்லை என்றான். போனை வைத்ததும் குரூப்பில் 'அவரு உசுரோடதான் இருக்காருங்க' என்று போட்டாள்.

ஆறு மணிக்கு அவள் மறுபடி பாறை ஏறியதும் ஜெயபிரகாஷ் கூப்பிட்டான்.

"மன்னிச்சுருங்கண்ணி. ரெண்டு நாளா ஸ்டேட்டஸ் வரல, அதான் நானா நெனச்சுட்டேன், அடக்க நேரத்தையும் நானே போட்டுட்டேன். இன்னிக்கு எவ்வளவுங்க? போட்டுருங்க, எல்லாரும் நொம்பக் கேக்கறாங்க."

தொண்ணூற்று மூன்று என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்தாள். அதை அழித்தாள்.

"எங்கிட்ட எதுக்குங்க தம்பி? அவருக்கே போன் போட்டுக் கேளுங்க. எடுப்பாரு."