செல்லியம்மாள் வீட்டு ஜலதாரை

செல்லியம்மாள் தனியாக இருக்கும்போது அவள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் ஜலதாரை ஒரு சொட்டையும் உள்ளே விடாது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் யாரைக் கேட்டாலும் இதை மரவள்ளிக்கிழங்கு விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் ஆரம்பத்தில் அது அவளுக்கே தெரியாது. கணவர் அரங்கநாதன் இறந்த அன்று, சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் தலைமுழுகிய தண்ணீரெல்லாம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றது. "எழவு வூட்டுத் தண்ணி எங்க வாசலுக்குத்தான் வரணுமா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியநாயகி ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். காரியம் முடிந்த கையோடு செல்லியம்மாள் சிமெண்ட் குழாய் பதித்து, ஜலதாரையைத் தன் கொல்லை வாழைக்குத் திருப்பினாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிள்ளை குட்டி இல்லாதவள். சில சாயங்காலங்களில் தன் பேரைத் தானே கூப்பிட்டுப் பார்ப்பாள். குரல் இன்னும் இருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்த தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. கொத்தனார் செல்லமுத்து வந்து மூங்கில் பிளாச்சை விட்டுக் குடைந்தார். எண்ணெய்ப் பிசுக்கு, சீயக்காய்த் தூள், முடிச்சுருள், அதன்மேல் வடித்த கஞ்சி என எல்லாம் பசையாக இறுகிக் கிடந்தன. "எண்ண தேச்சிக் குளிக்கிற அன்னிக்கே கஞ்சியும் ஊத்துனா அடைக்காம இன்னா பண்ணும்மா? கஞ்சிய மாட்டுக்கு வைங்க. வாயில ஓட்டத் தகரம் ஒண்ணு போட்டு வச்சா முடி தங்கிடும். அப்பப்போ சோடா உப்பப் போட்டு கொதிக்கிற தண்ணி ஊத்துங்க" என்றார். தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது. அவர் தெருமுனை திரும்பியதும் மறுபடி மேலே வந்தது. சொன்னதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் செய்தாள், பலனில்லை. கொத்தனார் திரும்ப வந்து குழாயைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே சுத்தமாக இருந்தது, வாட்டமும் சரியாக இருந்தது. அவர் நிற்கும்வரை ஓடும், போனால் நின்றுவிடும். மனுஷனுக்கே வெட்கமாகிப்போய் அந்தத் தெருப்பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தபோது, புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. தியாகதுருகம் பக்கமும் பஸ் இல்லை, சின்னசேலம் பக்கமும் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க இறங்கி வந்த சின்னப்பொண்ணு திரும்ப வழியில்லாமல், குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்து செல்லியம்மாள் வீட்டிலேயே தங்கினாள். ஜலதாரை மறுபேச்சில்லாமல் ஓடியது. பஸ் விசாரிக்க அவள் வெளியே போனால் நின்றது, திரும்பி வந்தால் ஓடியது. அப்போதுதான் செல்லியம்மாளுக்கு விஷயம் புரிந்தது. மரங்கள் அப்படியே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஊரே ஒரு நியாயம் கேட்டுத் தெருவில் நிற்கும்போது தனக்கு இப்படியொரு வேண்டுதலா என்று கூச்சமாகவும் இருந்தது. வேண்டுதல் பலிக்கவில்லை. "மலைக்கு ஒருவாட்டி வாக்கா" என்று சொல்லிவிட்டு, வந்த முதல் பஸ்ஸில் சின்னப்பொண்ணு ஏறிப் போனாள்.

மறுநாள் தண்ணீர் குளியலறையை நிறைத்து, கொல்லையை விட்டுவிட்டு, பழைய வழியிலேயே போய்ப் பெரியநாயகி வாசலில் நின்றது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இத்தனை வருஷம் மிதிக்காத படியை மிதித்து உள்ளே வந்தாள்.

"இன்னாடி நெனச்சிக்கினு கீற? திருப்பிட்டேன்னு பெருமையா இருந்தியே, இப்ப யார் வாசல்ல வந்து நிக்குது பாரு!"

ஜலதாரை கொடக் என்று ஒரு மடக்கு விழுங்கியது. செல்லியம்மாளுக்கும் பதிலுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவள் போய்விடுவாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். மூச்சு வாங்கப் பெரியநாயகி நிறுத்திவிட்டு, போவதற்குத் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் திட்டு பெரியநாயகி" என்றாள் செல்லியம்மாள். "பாதித் தண்ணிதான் போயிருக்குது."

பெரியநாயகி ஜலதாரை வாயிலிருந்த ஓட்டைத் தகரத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரங்கநாதன் இறந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்று முதல் தினமும் காலையில் வந்து திட்டிவிட்டுப் போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினால் ஜலதாரை கேட்பதில்லை, ஆள் உள்ளே வர வேண்டும். அவள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் செல்லியம்மாள் குளிப்பதில்லை, துணியும் அலசுவதில்லை. தெருவில் யாரும் ஏனென்று கேட்பதில்லை.