செட்டு மாத்திரை இல்லாத எடுப்பு

முதல்லயே சொல்லிப்புடுறேன், எனக்கு முட்டிவலி போகல. போச்சுன்னு எவளாச்சும் சொன்னா நம்பாதீக.

எங்க ஊர்ல மேல்வலின்னா கடைத்தெரு மருந்துக்கடையில போயி "ஒரு செட்டு குடு"ன்னு கேட்டாப் போதும். டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம். வெள்ளையில ரெண்டு, மஞ்சள்ல ஒண்ணு, கடுகைவிடக் கொஞ்சம் பெருசா ஒரு குட்டி மாத்திரை, எல்லாத்தையும் காயிதத்துல மடிச்சுக் குடுப்பான். அத முழுங்கிட்டுக் காட்டுல எறங்குனா கெழவி குமரியா ஓடலாம். நானும் வருசக்கணக்கா அப்படி ஓடித்தான் மொளகாப் பழம் எடுத்தேன். மூஞ்சி உப்பி, கன்னம் பளபளன்னு ஆயிருச்சு. "பூமயிலுக்கு இந்த வயசுல வந்த செழுமையப் பாருங்கடி"ன்னு என்கூடப் பழம் எடுக்குற நாகஜோதி கண்ணு வச்சா. எங்க வீட்டுக்காரரு கூத்தையாவுக்கு அதுல ஒரே பெருமை.

செழுமையாம் செழுமை! ஐப்பசியில வெதப்புக்குப் போன எடத்துல மயங்கி விழுந்தேன். ஆசுபத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தாக. டாக்டரு சுஹான்னு கீழக்கரைப் புள்ள. "பாட்டி"ன்னுச்சு. "பாட்டின்னு கூப்புடாத தாயி, எரிச்சலா வருது"ன்னேன். சிரிச்சிக்கிட்டே அம்மான்னு மாத்திக்கிருச்சு. அப்புறம் சொன்னது எதுவும் சிரிக்கிற சேதி இல்ல. அந்தக் குட்டி மாத்திரைதான் மூஞ்சிய வீங்க வைக்குதாம், சர்க்கரைய ஏத்துதாம். மத்தது கிட்னியக் கெடுக்குதாம்.

"இன்னைக்கே தூக்கி எறிஞ்சிர்றேன்"ன்னேன்.

"ஐயோ, அந்தக் குட்டி மாத்திரைய அப்படித் திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. உடம்பு அதுக்குப் பழகிருச்சு. நிறுத்துனா மறுபடி விழுந்துருவீங்க. நான் அளவு பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன். வலிக்கு வேற மாத்திரை தாரேன். வலி வரட்டும்னு காத்துக் கெடக்காம சொன்ன நேரத்துக்குப் போடணும். அதுக்கு மேல ஒண்ணு கூடப் போடக் கூடாது. தெனமும் கால நீட்டி மடக்கிப் பழகணும்."

"வலி போயிருமா?"

"முழுசாப் போகாதும்மா. ஆனா உங்க காட்டுக்கு நீங்களே நடந்து போகலாம்."

பொய் சொல்லாத புள்ளைன்னு அப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

சேதி கேட்டுத் திருப்பூர்ல இருந்து எம்மகன் பிரபு ஓடியாந்தான். காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்கூடக் கெளம்புங்கன்னு ஒத்தக்கால்ல நின்னான். அவன் இருக்குறது மூணாவது மாடி. அங்க போயி நான் யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு உக்கார? "இந்த வருசத்துப் பழ எடுப்பப் பாருடா. நான் மறுபடி விழுந்தா நீ சொன்னபடி வாரேன்"ன்னு வாக்குக் குடுத்தேன்.

மொத கொஞ்ச நாள் உசுரு போச்சு. எந்திரிக்கச் செவுத்தப் புடிப்பேன், உக்காரக் கதவப் புடிப்பேன். அப்புறம் பாத்தா, தை பொறக்கவும் வலி மடமடன்னு எறங்கிருச்சு. மொத எடுப்ப எவளுக்கும் சளைக்காம எடுத்தேன். "மனசுல திடம் வேணும்டி, திடம்!"னு நாகஜோதிகிட்ட மாரத் தட்டுனேன். இதுல இன்னொரு பெருமையும் எனக்கு. தெனமும் மத்தியானம் கூத்தையாவே கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி வச்சுத் தருவாரு. ஊர்ல எந்த ஆம்பள பொண்டாட்டிக்குக் காப்பி வைக்கிறான்?

மாசியில திரும்ப ரத்தம் பாத்தாக. டாக்டரம்மா மொகம் சுண்டிப் போச்சு. "வீக்கம் வடியல, சர்க்கரை இன்னும் ஏறியிருக்கு. செட்டு போடுறீங்களாம்மா?"

எனக்கு வந்துச்சே கோவம்! அம்புட்டுச் சனத்துக்கு முன்னால, "எங்க மாரியாத்தா மேல சத்தியமா இல்ல"ன்னு கத்துனேன். அந்தப் புள்ள கோவப்படல. "அப்ப வீட்டுல என்ன சாப்பிடுறீங்கன்னு கவனிச்சுப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அன்னைக்கு வழக்கத்தவிட முந்துன பஸ்ஸு கெடச்சுச்சு. வீட்டுக்குள்ள நொழஞ்சா, கூத்தையா இடிகல்லுல சுக்குத் தட்டிக்கிட்டு இருக்காரு. பக்கத்துல பிரிச்ச காயிதம். சுக்குத் தூளோட மஞ்சத் தூளும் வெள்ளைத் தூளும் கலந்து கெடக்கு.

"அடப்பாவி மனுசா!"

அவரு காயிதத்தச் சுருட்டி மறைக்கப் பாத்தாரு. "நீ ராவெல்லாம் மொனங்குறதக் கேட்டுக்கிட்டு எப்படிப் புள்ள படுத்திருப்பேன்? காடு போச்சுன்னா நீ இருக்க மாட்ட. எனக்குத் தெரியும்." பொலபொலன்னு அழுதுட்டாரு.

எனக்கு எரக்கம் வரல. ஆத்திரந்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் மாரத் தட்டுன திடம் பூராம் இந்தக் கல்லுல இடிச்சதா? ஊரு பூராம் போயிப் பீத்திக்கிட்டேனே! அன்னைக்குச் சோறும் ஆக்கல, பேசவும் இல்ல.

மறுநா விடிஞ்சதும் மனுசனை இழுத்துக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அவரை வெளுத்து வாங்குச்சு. அப்புறம் எங்கிட்டத் திரும்பி, "மறுபடி மொதல்ல இருந்துதான் குறைக்கணும். எடுப்பு நேரத்துல வலி கூடும்மா. தாங்குவீங்களா?"ன்னுச்சு.

"தெரிஞ்சு வலிச்சாத் தாங்குவேன் தாயி"ன்னேன்.

அடுத்த எடுப்பு வந்துச்சு. காடு செவந்து கெடக்கு, முட்டியில ஊசி ஏத்துன மாதிரி வலி. எங்க ஊர்ல பழம் எடுக்குறது பொம்பளை வேலை. ஆம்பளைக சாக்குத் தூக்குவாக, மத்த நேரம் வரப்புல நின்னு வெரட்டுவாக. நான் கூத்தையாகிட்ட, "நீங்க ஒரு நெரை செடியப் புடிச்சு எடுங்க"ன்னேன்.

"நானா? ஊரு சிரிக்காதா புள்ள?"

"சிரிக்கட்டும். மாத்திரை நுணுக்குன கைக்குப் பழம் எடுக்க வலிக்குதாக்கும்?"

பொம்பளைக கெக்கலி கொட்டிச் சிரிச்சாளுக. மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிக் குனிஞ்சாரு. போன்ல அலாரம் அடிச்சா நான் மாத்திரையப் போடுவேன். கொஞ்ச நேரம் வரப்புல கால நீட்டி உக்காருவேன், திரும்ப எந்திரிப்பேன். மெதுவாத்தான் எடுத்தேன், ஆனா எடுத்தேன். பக்கத்து நெரையில அவரு பெருமூச்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வெயில் உச்சிக்கு வரங்குள்ள இடுப்பப் புடிச்சுக்கிட்டுச் செடிக்கு நடுவுல உக்காந்துட்டாரு.

"பூமயிலு, இத்தன வருசமும் இப்படியா வலிச்சுச்சு ஒனக்கு?"

"இதவிட."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து என் வலியப் பத்தி அவரு கேட்ட மொதக் கேள்வி அது.

"இனிமே நான் வலிக்குதுன்னு சொன்னா மருந்து தேடி ஓடாதீக. பக்கத்துல உக்காந்து கேளுங்க, போதும்"ன்னேன். சரின்னு தலைய ஆட்டுனாரு. திரும்ப எந்திரிக்கச் சொன்னேன், எந்திரிக்க முடியல. நாகஜோதியும் நானும் ஆளுக்கொரு கையப் புடிச்சுத் தூக்கி வரப்புல விட்டோம். அவரு விட்ட நெரையையும் சேத்து எடுத்து முடிச்சேன்.

சாயங்காலம் பிரபு போன் போட்டான். "அய்யா, எடுப்பு முடிஞ்சுச்சா? ஆத்தா விழுந்துருச்சா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒங்காத்தா நிக்கிறாடா"ன்னாரு கூத்தையா. "நாந்தான் விழுந்துட்டேன்."