சாம்பல் நிறத்தில் ஒரு யூரியா

1

இந்தக் கதை பஸ் டயர் வெடித்ததால் பிறந்தது. 1968இல் கிருஷ்ணகிரி போகும் வழியில், சூளகிரியில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் சகாயநாதன். ஓசூருக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். ஒரு பத்திரிகை என்னிடம் விஞ்ஞானமும் காதலும் சம அளவில் கலந்த கதை கேட்டிருந்தது. விஞ்ஞானம் கிடைத்துவிட்டது.

‘குடுவையில் கொதித்த திரவம் அவன் நெஞ்சைப் போலவே—’

(இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன். அவர் நிதானமாகப் புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.)

2

யூரியா என்றால் வயலுக்குப் போடுவது என்று நினைப்பவர்கள் என் கட்சி. அதன் தூரத்து உறவுகள் சர்க்கரை வியாதி மாத்திரையிலும் உண்டாம். அதைச் செய்ய அந்தக் கம்பெனியில் பாஸ்ஜீன் என்ற வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்றது; இப்போது நோய் தீர்க்கிறது. உத்தியோக உயர்வு!

ஒருநாள் வால்வு கசிந்தது. பேரிகை ஊரிலிருந்து வேலைக்கு வரும் எல்லப்பன் பக்கத்தில் நின்றார்.

“அப்பத்தான் அறுத்த புல்லு மாதிரி வாசன வருதுங்க சார்” என்று சிரித்தார்.

அதுதான் பாஸ்ஜீனின் வாசனை. மறுநாள் அவருக்கு மூச்சு ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

3

சகாயநாதன் ஆராய்ச்சி இதழ்களைப் புரட்டி வேறு வழி கண்டார். பல்லேடியம் என்ற உலோகத்தைத் துணைக்கு வைத்தால் பாஸ்ஜீனே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு போதும்.

“அது விஷமில்லையா?” என்றார் முதலாளி சென்னப்பன்.

“விஷம்தாங்க. ஆனா மூடின பாத்திரத்துக்குள்ளயே வேலை முடிஞ்சிரும்.”

“இதுலயாவது புல்லு வாசன வருது. அதுல ஒண்ணும் வராதே. மோந்து பாத்து ஓடக்கூட முடியாதுப்பா!”

(முதலாளியை முட்டாளாக்க நினைத்திருந்தேன். இந்த வசனம் கெடுத்துவிட்டது.)

ஆனாலும் சோதனைக்குச் சம்மதித்தார். தூள் வந்தது, சாம்பல் நிறத்தில். உலோகம் உள்ளேயே தங்கிவிட்டது.

“செவப்புச் சாயம் பூசிட்டா மாத்திரையில யாருக்குத் தெரியும்?” என்றார் முதலாளி.

“திங்கறவங்க ஒடம்புக்குத் தெரியும்” என்று சகாயநாதன் தரச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்தார். கரித்தூளில் திரும்பத் திரும்ப வடிகட்டினார். தூள் வெளுத்தது, பாதி காணாமல் போனது. முதலாளி மிச்சத்தைப் பார்த்தார்; கட்டுப்படியாகாது என்றார். பாஸ்ஜீன் உருளைகள் மறுபடி வந்து இறங்கின.

4

எல்லப்பனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கேட்டில் சகாயநாதனே நின்று திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் எல்லப்பன் மனைவி செல்வம்மாள் வந்தாள்.

“அவரு நல்லாயிட்டாரு. ஏன் சார் பொழப்பக் கெடுக்கறீங்க?”

“அதே வாயுதாம்மா. இன்னொரு தடவ பட்டா தாங்க மாட்டாரு.”

“அப்ப நீங்க மட்டும் ஏன் உள்ள போறீங்க?”

அவள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

5

முடிவுகள்:

அ) முதலாளி மனம் திருந்துகிறார். (பத்திரிகைக்குப் பிடிக்கும். சென்னப்பனுக்கு நேரமில்லை.)

ஆ) சகாயநாதன் வேலையை உதறுகிறார். (அவரிடம் கேட்டேன். “நான் போனா அந்தச் சாம்பல் தூளுக்கு யாராவது கையெழுத்துப் போட்டுருவான் சார்” என்றார்.)

இ) கம்பெனி மூடப்பட்டு—

டயர் மாற்றியாகிவிட்டது. அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

“எல்லப்பன் இடத்துல இப்ப யாரு நிக்கறாங்க?” என்றேன்.

“கங்கப்பன்னு ஒருத்தர். குந்தாரப்பள்ளிப் பக்கம். நேத்துதான் சேந்தாரு.”

கங்கப்பனை எனக்குத் தெரியாது. முகம், வயது, பெண்டாட்டி பிள்ளை எதுவும் தெரியாது. கதையில் இவ்வளவு தாமதமாக வந்தவருக்கு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நான் பேனாவை மூடுகிறேன். அவர் வால்வுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இனி நீங்கள் எழுதுங்கள்.