மூக்கக்கா போட்ட மூன்று மதிப்பெண்

மூக்கக்கா என்ற பேர் ஆய்வுக்கூடத்தில் வைத்ததல்ல, தெரு வைத்தது. எதிர்வீட்டு மாடியில் காஸ் கசிந்ததைத் தன் வீட்டு வாசலில் நின்றபடியே மோப்பம் பிடித்து, மதியத் தூக்கத்தில் கிடந்த ஐந்து பேரைக் கத்தி எழுப்பி வெளியே கொண்டுவந்தவள் அவள். அன்றிலிருந்து தெரு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தண்ணீர்த் தொட்டியில் எலி செத்துக் கிடக்கிறதா, புருஷன் திருட்டுத்தனமாகப் புகைபிடித்துவிட்டு வந்தானா, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கி, அவன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டிருந்தாள். அவளுக்கென்று இருந்த பெருமை அந்த மூக்கு ஒன்றுதான்.

அந்தப் பெருமைதான் வேலையையும் வாங்கிக் கொடுத்தது. வீடு கட்டும் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அது. பலகையோ பெயிண்டோ பசையோ, எது வந்தாலும் ஓர் எஃகுப் பெட்டிக்குள் இருபத்தெட்டு நாள் அடைத்து வைப்பார்கள். பிறகு அந்தப் பெட்டிக் காற்றை ஒரு கண்ணாடிப் புனல் வழியாக விடுவார்கள். எட்டுப் பேர் ஒவ்வொருவராகப் போய் ஒரு மூச்சு முகர்ந்து, பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நாற்றம் கூடினால் மதிப்பெண் கூடும். எட்டுப் பேரின் சராசரி ஐந்தைத் தாண்டினால், கெடுதலில்லாத பொருள் என்று காட்டும் பச்சை இலை முத்திரை கிடையாது. இயந்திரச் சோதனையும் உண்டு. ஆனால் இயந்திரம் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் கண்டுபிடிக்கும், மிச்சத்துக்கு மனுஷ மூக்குதான் வேண்டும் என்பார் மேற்பார்வையாளர். சொல்லும்போது மூக்கக்காவைப் பார்த்துத்தான் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்து எழுந்து குளிக்கப் போனால், சோப்பு வெறும் வழவழப்பாக இருந்தது. காப்பி வெறும் சூடாக இருந்தது. இன்று வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று பார்த்தாள். வரவேயில்லை.

அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிப் பொய். மூக்கு செத்துப்போன மூக்கக்காவை யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் நிஜமான பயம். சில பேர் சொத்தை விட்டாலும் விடுவார்கள், பட்டத்தை மட்டும் விடமாட்டார்கள்.

ஏமாற்றுவது அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூக்குகளுக்குப் பரீட்சை வைப்பார்கள், ஐந்து புட்டிகளில் எதில் என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். அவற்றை எடுத்து வைக்கும் ஆள் மகா சோம்பேறி, ஒரு தடவைகூட வரிசையை மாற்றியதில்லை. பலகைகளை முகரும்போது அவளுக்குத் தபால்காரர் இருந்தார். தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இங்கே முகர வந்த மனிதர். எட்டுப் பேரில் அவருடைய முகம் ஒன்றுதான் எதையும் மறைக்கத் தெரியாத முகம். நாற்றம் கடுமையானால் மீசை மேலே ஏறும். லேசானால் கழுத்தைச் சொறிவார். ஒன்றுமில்லையென்றால் அடுத்த வேளைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே வெளியே வருவார். மூக்கக்கா எப்படியாவது அவருக்கு அடுத்த ஆளாக வரிசையில் நின்றுவிடுவாள். பேசக் கூடாது என்று விதி இருந்தது. பார்க்கக் கூடாது என்று விதி இல்லை.

எட்டில் ஒரு மூக்குதானே, மற்ற ஏழும் பார்த்துக்கொள்ளாதா என்று அவள் மனசு சமாதானம் சொன்னது. மனசுக்கென்ன, அது எதையும் சொல்லும்.

அப்படி ஒரு நாள் வந்ததுதான் வைக்கோல் பலகை. வயலில் கொளுத்திவிடும் வைக்கோலை அழுத்தி, செடியிலிருந்து எடுத்த பசையால் ஒட்டியது, மரம் வெட்ட வேண்டாம், மண்ணுக்குக் கெடுதலில்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. தபால்காரர் உள்ளே போனார், வெளியே வந்தார். மீசை அசையவில்லை. கழுத்துப் பக்கம் கை போகவில்லை. மூக்கக்கா உள்ளே போய்ப் புனலில் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூன்று போட்டாள். சராசரி நாலே முக்கால் வந்தது. பலகைக்குப் பச்சை இலை கிடைத்துவிட்டது.

தம்பி லிப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் ஏறி இறங்குகிறவனுக்கு அக்கா சொன்னதுதான் வேதம். இரண்டு வயது மகளுக்குத் தனி அறை போட நினைத்தபோது அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. அக்கா முகர்ந்து பார்த்த பலகைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஒரு சுவரோடு விட்டானா? நாலு சுவர், கூரை, அலமாரி, கட்டில் எல்லாம் அதே பலகை. ஏசி போட்டு, தூசி வரக் கூடாதென்று ஜன்னலையும் சுற்றி அடைத்தான். வருகிறவர்களிடமெல்லாம் பச்சை இலையைக் காட்டி, "எங்கக்கா பாஸ் பண்ணின பலகை" என்றான். மூக்கக்கா சிரித்துக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரம் குட்டிக்கு இருமல் வந்தது. ஆறாவது வாரம் மூச்சு விசில் அடித்தது. தம்பி மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள், அதிர்ந்து பேசமாட்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ரூம்ல ஏதோ நெடி அடிக்குதுங்க. கதவைத் தெறந்தாலே தொண்டையப் புடிக்குது."

"எங்கக்கா மூக்குக்கே வராத நெடி உன் மூக்குக்கு வருதா?" என்றான் தம்பி. "பெரிய மூக்கு! வேலை மெனக்கெட்டு எட்டுப் பேர் சோதிச்சது, நீ ஒருத்தி வந்து தப்புங்கறே."

மூக்கக்கா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷமாகவே தெரியவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் டீ குடிக்கும்போது, எப்படியோ பேச்சு அந்தப் பலகைக்கு வந்தது. தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அத ஏம்மா கேக்கறே? அன்னிக்கு எனக்கு ஒரே ஜலதோஷம், மூக்கு ரெண்டும் கல்லு மாதிரி அடைச்சிருந்துது. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு வாயத் தெறக்கல. குத்துமதிப்பா மூணு போட்டேன்."

"தப்பில்லையா அது?"

"நீ இருக்கியே! ஏதாவது இருந்தா மூக்கக்கா பத்து போட்டு இழுத்துப் புடிச்சிடுவாங்கற தைரியம்தான்."

மூக்கக்கா டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். அவரும் அவளும் போட்ட இரண்டு மூன்றுகளை எடுத்துவிட்டால் மற்ற ஆறு பேரின் சராசரி ஐந்தைத் தாண்டிப் போகும். அதை அவள் கைவிரலிலேயே போட்டுப் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். "வாக்கா. நீயே வந்து இவளுக்கு ஒரு முடிவு சொல்லு. தினமும் இதே பாட்டு."

குட்டியின் அறைக்குள் மூன்று பேரும் போனார்கள். தம்பி கதவைச் சாத்தினான். சுவரெல்லாம் வெளிர் மஞ்சளாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூக்கக்கா ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. எப்போதும்போல வெறும் காற்று. ஆனால் ஒரு நிமிஷம் ஆவதற்குள் கண் இரண்டும் எரிந்தன. இமை ஓரத்தில் தண்ணீர் கட்டியது. செத்தது மூக்குதான், கண் நன்றாகவே இருந்தது.

"ஆமாண்டா, நெடி இருக்கு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மூக்கு போனதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொன்னால், அப்புறம் எப்படி பாஸ் பண்ணினே என்று கேட்பான். கட்டாயம் கேட்பான்.

"புதுப் பலகை வாசனைதான்" என்றாள். "போகப் போகச் சரியாயிடும்."

"கேட்டியா?" என்று தம்பி தன் மனைவியிடம் திரும்பினான். அவள் மூக்கக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, குட்டியின் உதடு நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் முகமூடி அந்தச் சின்ன முகத்தில் பாதியை மூடியிருந்தது. குழந்தை அம்மா மடியில் துவண்டு கிடந்தது. தம்பி வேலையிடத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். மூக்கக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைக் கையில் பிடித்திருந்தாள். முகமூடியின் புகை போய் வந்து போய் வந்து கொண்டிருந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வாசனை தெரியாதும்மா" என்றாள். "ரெண்டு வருஷமா."

"தெரியும் அண்ணி."

மூக்கக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷம் திரிஞ்சுபோன பாலை மோந்து பார்த்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு குடுத்தீங்க. நான் ஒண்ணும் கேக்காம கீழ ஊத்திட்டேன். அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. எங்கக்காவைக் கரிச்சுக்கொட்டலேன்னா உனக்குத் தூக்கம் வராதான்னு கேட்டாரு. அப்புறம் நான் என்ன சொல்ல?" அவள் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "உங்களயும் குத்தம் சொல்ல முடியாது அண்ணி. தெரியாம சொல்றீங்க."

அந்தக் கருணை மூக்கக்காவைச் சுட்டது. தம்பி தலைதெறிக்க ஓடி வந்தான். அவன் மூச்சு வாங்கி நிற்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். மூக்கு போனது, புட்டிகள், தபால்காரர் மீசை, மூன்று மதிப்பெண், எல்லாம். அவன் அக்காவைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அக்காவுக்கு என்ன சொல்லிக்கொடுத்து வச்சிருக்கே?"

அவள் காலடியில் கிடந்த பையைத் திறந்து, நேற்றிலிருந்து மறந்து கிடந்த பால் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினாள். மூக்கக்கா வாங்கி மூக்கருகே வைத்து நெஞ்சு நிறைய இழுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. மூன்றடி தள்ளி நின்ற தம்பி புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அந்தப் பக்கம் போன நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இப்பவும் நான் சொல்லிக்கொடுத்ததுன்னு சொல்லுங்க" என்றாள் தம்பி மனைவி.

அவன் சுவரில் சாய்ந்தான். கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவன் சொன்னதும் அக்காவுக்காகத்தான்.

"பாவம்க்கா நீ. மூக்கே போனப்புறம் நீ என்ன பண்ணுவே? தெரியாமத்தானே சொன்னே. அந்த ரூம்ல நின்னு என்ன தெரிஞ்சிருக்கும் உனக்கு?"

அதோடு விட்டிருக்கலாம். தம்பி மன்னித்துவிட்டான், அவன் மனைவி முன்பே மன்னித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீட்டில் ஒரு இடம் மிஞ்சும். இரண்டு வருஷமாக வாயை மூடிப் பழகியவள்தானே. ஆனால் கையில் இருந்த அந்தப் பாதம் சில்லென்று இருந்தது.

"கண்ணு எரிஞ்சுதுடா" என்றாள் மூக்கக்கா. "அன்னிக்கு அந்த ரூம்ல எனக்குக் கண்ணு எரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

நெபுலைசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி குழந்தையை மடியிலிருந்து தூக்கி மறுபக்கத் தோளில் சாய்த்துக்கொண்டு, அதன் பாதத்தை மூக்கக்காவின் கையிலிருந்து எடுத்துத் தன் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டாள்.