மூன்றாவது அடி

சாகக் கிடந்த அப்பாவின் உதடுகளில் மார்சலி ஈரப் பஞ்சை ஒற்றினாள். அவர் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டார். விடவில்லை.

"விடுங்கப்பா."

விட்டார். "உன் பிரசங்கம் எல்லாம் கம்ப்யூட்டர்ல கேட்டுட்டேன். ஒண்ணு விடாம."

நரகம் என்று ஒன்று இல்லை, கடவுள் யாரையும் தள்ளமாட்டார் என்று பன்னிரண்டு வருடமாக கிளாஸ்கோவில் பிரசங்கிப்பவள் அவள். பெண் போதகரையே ஏற்காத ஸ்காட்லாந்தின் இந்த லூயிஸ் தீவுச் சபையில் அப்பா மூப்பர்.

"நல்ல குரல் உனக்கு. தப்பை இவ்வளவு அழகா சொல்லக்கூடாதும்மா."

வாசலருகே நின்ற இன்னொரு மூப்பர் ரூரி செருமினார். "டோர்கில், பேசாதே. மூச்சு வாங்குது பாரு."

"இனிமே எதுக்குடா சேத்து வைக்கணும்?" அப்பா அவள் மணிக்கட்டைப் பற்றினார். விரல்கள் சில்லிட்டிருந்தன. "எனக்காகப் பயப்படல. பரலோகம் போய் உன்னைத் தேடுவேன். நீ வரவே இல்லன்னா? தப்பா சொல்லிட்டேன்னு ஒரே வார்த்தை சொல்லு."

சொல்லிவிடலாம். அவர் நிம்மதியாகப் போவார். பொய்யென்று அவளுக்குத் தெரியும். தெரியுமா? ஜன்னலை மோதிய கடற்காற்றில், சின்ன வயதில் இதே அறையில் நரகத்தை நினைத்துப் போர்வைக்குள் சுருண்ட பயம், அன்றிருந்தபடியே எழுந்து வந்தது.

அந்த வார்த்தைக்குப் பதிலாக, அப்பா தினமும் பாடும் பைபிள் சங்கீதத்தின் முதல் அடியை எடுத்தாள். வாத்தியம் இல்லாத அந்தச் சபையில் ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் தொடர்வார்கள். நாற்பது வருடமாக எடுத்தவர் அப்பா.

"பொம்பளை அடி எடுக்கிறதா? இந்த நேரத்துல போயா?" என்றார் ரூரி.

அப்பா ஒரு விரலை உயர்த்தினார். ரூரி வாயை மூடினார். காற்றாகத் தேய்ந்த குரலில் அப்பா அந்த அடியைத் தொடர்ந்தார்.

இரண்டாவது அடி எடுத்தாள். அப்பாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. கண்கள் அவளைவிட்டு நகரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னும் காத்திருந்தன.

மூன்றாவது அடி எடுத்தாள்.

காத்திருந்தாள். இம்முறை அந்த உதடுகள் அசையவில்லை. கணப்படுப்பில் ஒரு கரிக்கட்டி சரிந்து விழுந்தது. ரூரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

மணிக்கட்டிலிருந்த விரல்களை விலக்காமல், மார்சலி அதே அடியை மறுபடி எடுத்தாள், இன்னும் மெதுவாக.