தகவல் தந்தவர்

வம்சம் தேடும் வகுப்பு, ஞாயிறுதோறும் நூலக மாடியில். நடத்தியவர் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் பேனா தேய்த்த ஓர் அம்மாள். பிரசங்கமெல்லாம் கிடையாது. அவரவர் வீட்டில் செத்தவர்களை இறப்புப் பதிவேட்டின் நகல்களில் அவரவரே தேட வேண்டும். அதுதான் பயிற்சி.

கண்டக்டர் சேர்ந்தது அப்பாவுக்காக. அவனுக்கு மூன்று வயதில் போய்விட்டாராம். ஒரு போட்டோகூட இல்லை. என்ன கோபமோ, அம்மா கொளுத்திவிட்டாள். எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் ஒரு தடவை போய் நின்றுவிட்டு வரலாம், அவ்வளவுதான் அவன் ஆசை. அக்காவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வம்சத்தின்மேல் என்ன திடீர் அக்கறை என்று அவன் யோசிக்கவே இல்லை. அந்த மட்டுக்கு வெகுளி.

அம்மா சொன்ன வருஷத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான்கு வாரம் தேடியாயிற்று. அப்பா இல்லை.

"வீட்ல சொன்னதெல்லாம் சாட்சி ஆகாதுங்க," என்றார் அம்மாள். "அந்த வருஷத்துலேர்ந்து ஒவ்வொண்ணா இந்தப் பக்கம் வாங்க."

"வேண்டாம் மேடம், பதிவே பண்ணாம விட்டிருப்பாங்க," என்றாள் அக்கா, கொஞ்சம் அவசரமாக.

அவன் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் தாண்டி அப்பா அகப்பட்டார். தாத்தா பெயர், பிறந்த தேதி எல்லாம் பொருந்தியது. விலாசம், அவன் பஸ் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்குப் பின்தெரு.

"கடைசிக் கட்டத்தையும் படிங்க," என்றார் அம்மாள். "தகவல் தந்தது யாருன்னு பாக்காம எதையும் நம்பக்கூடாது."

தகவல் தந்தவர்: மகள். பக்கத்தில் கையெழுத்து. அவனுடைய ரிப்போர்ட் கார்டுகளில் அம்மாவுக்குப் பதில் அக்கா போட்ட அதே கையெழுத்து.

அக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"உனக்கு வேலை கிடைச்ச வருஷம் என்னைத் தேடி வந்தாரு. தம்பிகிட்ட சொன்னா நீ என் பொணத்துலதான் முழிப்பேன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"அம்மா போயே ஆறு வருஷம் ஆச்சே."

"அதுக்கு முன்னாடியே அவரும் போயிட்டாரு. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு..." மென்று முழுங்கினாள்.

"என்னைப் பாக்கணும்னு அவருக்குத் தோணவே இல்லையாக்கா?"

"சாகுற வரைக்கும் ஒன்பது வருஷம், தினமும் உன் பஸ்லதான்டா வருவாரு. நீ கிழிச்சுக் குடுத்த டிக்கெட்டையெல்லாம் அடுக்கி வெச்சிருந்தாரு. புதைக்கிறப்ப சட்டைப் பையில வெச்சு அனுப்பினேன்."

கண்டக்டர் ஒன்பது வருஷத்து முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். நீட்டிய கைகள்தான் வந்தன. டிக்கெட் கொடுக்கும்போது அவன் யார் முகத்தையும் பார்த்ததில்லை.