இரண்டாவது கண்

கான்கிரீட் தூண் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய இடது கண்ணும் மங்கியது. வலது கண் நான்கு நாளாகவே சிவந்து, உள்ளே பால் கலக்கியதுபோலக் கிடந்தது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தை விட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் க்ரேன் ஓட்டும் ஒரே பெண் அவள். ஒரு நாள் லீவு போட்டாலும் பேசுகிறவர்கள் வாய்க்கு வசதியாகிவிடும்.

கீழே சைகை காட்டுகிறவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அவருடைய மஞ்சள் சட்டை வெறும் கறையாகத் தெரிந்தது. கை எந்தப் பக்கம் அசைகிறதென்று தெரியவில்லை. வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"மாமா, உங்க கை தெரியல."

"வெயில் அடிக்குதா?"

"இல்ல. ரெண்டு கண்ணும் மறைக்குது மாமா."

வெறும் இரைச்சல். பிறகு, "எல்லாரும் வெளிய ஓடுங்கடா!" என்று அவர் கத்துவது கேட்டது. அடுத்து வந்த குரலில் பதற்றமே இல்லை.

"நான் சொல்றத மட்டும் கேளு. இடது பக்கம். மெதுவா. இன்னும் கொஞ்சம். நிறுத்து. இப்ப இறக்கு."

தூண் தரையைத் தொட்டுக் கம்பிவடம் தளர்ந்தபோது அவள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஏணிப் படிகளைக் காலால் துழாவித் துழாவி இறங்கினாள்.

"எத்தன நாளா?" என்றார்.

"நாலு."

"நாலு நாளா நான் கீழதான் நிக்கிறேன்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கண் டாக்டர் கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"கிருமியத் தாக்க உடம்பு எதிர்ப்பொருள்னு ஒண்ணத் தயார் பண்ணும். உங்களுக்கு அது ஆள் மாறி உங்க கண்ணையே தாக்குது. அதுல வந்த வீக்கந்தான் இது."

"என் உடம்பா?"

"உங்க உடம்புதான்."

"திரும்ப க்ரேன்ல ஏறலாமா?"

"முதல்ல வீக்கம் அடங்கட்டும்" என்று எழுத ஆரம்பித்தார்.

வராந்தாவில் மாமாவின் போன் அடித்தது. சூப்பர்வைசர். "ஏதோ மெஷின் கோளாறுன்னு சொல்லிடவா?" என்று மாமா அவளிடம் தணிந்த குரலில் கேட்டார். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், மெஷினுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல. நாலு நாளா மறைச்சுட்டேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் கண்ணில் விட்ட மருந்தில் வராந்தா முழுக்க வெள்ளையாகப் பரவியிருந்தது. அதற்குள் யாரோ ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார், அல்லது போய்க்கொண்டிருந்தார்.